ஒரு மேசனையும் தெரியாத ஒருவர் ஃப்ரீமேசன் ஆவது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: சடங்குகளும் நட்பும் தொண்டும் கொண்ட பழைய சகோதரத்துவ அமைப்பான ஃப்ரீமேசன் அமைப்பில் சேர வேண்டுமானால் விண்ணப்பத்தில் உறுப்பினர்கள் (மேசன்கள்) இருவர் கையெழுத்திட வேண்டும். உறவிலோ நட்பிலோ வேலையிடத்திலோ உங்களுக்கு ஒரு மேசனைக்கூடத் தெரியாது. முன்பின் தெரியாத ஆளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? இந்தக் கேள்விக்குள் இன்னொரு தயக்கமும் தெரிகிறது. அவர்களாகக் கூப்பிட்டால்தான் போக முடியுமோ, நாமாகப் போய்க் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்பது அது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கேட்பதுதான் முறை. கையெழுத்து விஷயத்துக்கு வந்தால், அந்த இரண்டையும் நீங்கள் வெளியில் தேடி வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நீங்கள் அணுகும் கிளையில் (லாட்ஜ்) இருப்பவர்களே சில மாதங்கள் உங்களோடு பழகிப் பார்த்துவிட்டுப் போடுவார்கள். யாரையும் தெரியாமல் எழுதிக் கேட்டுச் சேர்ந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். லாட்ஜ்களின் தலைமை அமைப்புகளான பெரிய கிராண்ட் லாட்ஜ்கள் தங்கள் வலைத்தளத்தில் இதற்கென்றே ஒரு விசாரணைப் படிவம் வைத்திருக்கின்றன.

அமைப்பைப் பற்றி ஒரு அடிப்படை விஷயம் தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். லாட்ஜ் என்பது உறுப்பினர்கள் கூடும் கிளை. ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஒரு பெயரும் எண்ணும் உண்டு. ஒரு நாட்டின் அல்லது மாநிலத்தின் லாட்ஜ்களுக்கெல்லாம் தலைமையாக இருப்பது கிராண்ட் லாட்ஜ். அதற்கு மேல் உலகத் தலைமை என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் தேசிய அளவில்கூட ஒரு கிராண்ட் லாட்ஜ் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. இதனால்தான் வயது வரம்பு, கட்டணம், வாக்கெடுப்பு, படிவம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறுகின்றன. எங்கும் பொருந்துவது எது, மாறக்கூடியது எது என்று பிரித்தே சொல்கிறேன். மாறும் இடங்களில் உங்கள் கிராண்ட் லாட்ஜின் விதிப்புத்தகம் சொல்வதே முடிவு. இணையத்தில் ஒருவர் தன் ஊர் வழக்கத்தை உலக விதிபோல எழுதுவதால் வரும் குழப்பம் இந்த விஷயத்தில் நிறையவே இருக்கிறது.

இதுவரை உங்களை யாரும் அழைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்து வழிவந்த லாட்ஜ்களில் சேர்பவர் சடங்குக்கு முன் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார். நண்பர்களின் முறையற்ற வற்புறுத்தலால் வரவில்லை, பணம் போன்ற ஆதாய நோக்கத்தில் வரவில்லை, என் சொந்த விருப்பத்தில் வருகிறேன் என்பது அதன் சாரம். இதைக் காப்பாற்றத்தான் பல தலைமுறைகளாக மேசன்கள் வெளியாட்களிடம் வாயே திறக்காமல் இருந்தார்கள். பொருத்தமானவர் என்று தோன்றுபவரிடம் ஒருமுறை மெல்ல எடுத்துச் சொல்லலாம், ஆனால் நெருக்கக் கூடாது என்பது இன்று இங்கிலாந்தின் நிலை. ‘ஒருவனாக வேண்டுமானால் ஒருவனைக் கேள்’ என்ற பொருளில் அமெரிக்க மேசன்கள் கார் ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். மூன்று முறை கேட்டால்தான் சேர்ப்பார்கள், முதல் இரண்டு முறை வேண்டுமென்றே மறுப்பார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி விதி எதுவும் இல்லை. ஒருமுறை தெளிவாகக் கேட்டால் போதும்.

கேட்பதற்கு முன் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பலர் பாதி வழி போன பிறகு தடுக்கி விழுகிறார்கள். முதலாவது இறைநம்பிக்கை. இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் 1929-ல் வகுத்த அங்கீகார அடிப்படைகளின்படி, சேர்பவர் ஒரு பரம்பொருளை நம்புபவராக இருக்க வேண்டும். எந்த மதம் என்று பார்ப்பதில்லை. உறுதிமொழியை அவரவர் வேதநூலின் மேல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்காண்டிநேவியாவில் வழங்கும் ஸ்வீடிஷ் ரைட் முறையில் கிறிஸ்தவ நம்பிக்கை தேவை. நீங்கள் நாத்திகரானால் ஒப்புக்காக “ஆம், நம்புகிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போகாதீர்கள். அந்தக் கேள்வி நேர்காணலில் வரும், படிவத்தில் வரும், சடங்கிலும் நேருக்கு நேர் வரும். பொய்யோடு தொடங்கினால் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அது உங்களையே உறுத்தும். நாத்திகருக்கும் இடம் தரும் அமைப்புகள் தனியாக இருக்கின்றன, அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். கத்தோலிக்கர்கள் இன்னொன்றையும் எடைபோட வேண்டும். 1738-லிருந்தே திருச்சபை இதைத் தடைசெய்கிறது. 1983 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிவிப்பு, மேசனாகச் சேரும் கத்தோலிக்கர் கனமான பாவ நிலையில் இருக்கிறார், நற்கருணை பெறக் கூடாது என்கிறது. 2023-லும் அதையே உறுதிசெய்தார்கள். லாட்ஜ் கத்தோலிக்கரை மறுப்பதில்லை, தடை திருச்சபையின் பக்கம்தான். அதனால் இந்த முடிவை நீங்கள் மனச்சாட்சியோடு பேசித்தான் எடுக்க வேண்டும், லாட்ஜ்க்காரர் யாரும் உங்களுக்காக எடுக்க முடியாது.

இரண்டாவது வயது. பெரும்பாலும் 18 அல்லது 21 என்று இருக்கும், உங்கள் கிராண்ட் லாட்ஜின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நடத்தை. பழைய தண்டனை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுத வேண்டும். தண்டனை இருந்தாலே கதவு மூடிவிடும் என்றில்லை, ஆனால் மறைத்தது பின்னால் வெளிவந்தால் உறுப்பினர் பதவியே போய்விடும். நான்காவது வீடு. மனைவியோ பெற்றோரோ கடுமையாக எதிர்த்தால் பல லாட்ஜ்கள் அந்த விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும். மாதத்தில் சில மாலைகளும் ஒரு தொகையும் வீட்டிலிருந்து போகப் போகிறது என்பதால் இதைக் கேட்பது நியாயம்தான்.

நீங்கள் பெண்ணாக இருந்தால் மேலே சொன்ன 1929 அடிப்படைகளின்படி ஆண்கள் லாட்ஜில் சேர முடியாது. ஆனால் பெண்களுக்கே உரிய அமைப்புகள் நூறாண்டுக்கு மேலாக இயங்குகின்றன. பிரிட்டனில் 1908-லும் 1913-லும் தொடங்கிய இரண்டும் இன்றுவரை அதே மூன்று படிச் சடங்குகளை (உறுப்பினர் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் நிலைகள்) நடத்துகின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் லெ த்ருவா உய்மேன் 1893-ல் பாரிஸில் தொடங்கியது. அவற்றிலும் யாரையும் தெரியாமல் சேரும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

இப்போது பலர் அலட்சியமாகத் தாண்டிப்போகும் படிக்கு வருகிறேன். எந்த லாட்ஜ் என்று பார்ப்பதற்கு முன் எந்த கிராண்ட் லாட்ஜ் என்று முடிவுசெய்யுங்கள். ‘ஃப்ரீமேசன்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மேசன்கள் ‘ரெகுலர்’ என்று சொல்வது மேற்படி அடிப்படைகளைப் பின்பற்றி ஒன்றையொன்று அங்கீகரிக்கும் கிராண்ட் லாட்ஜ்களை. அப்படிப்பட்ட ஒன்றில் சேர்ந்தால் வேறு நாட்டுக்குப் போனாலும் அங்கே அங்கீகாரம் பெற்ற லாட்ஜுக்குள் விருந்தினராகப் போகலாம். அங்கீகாரமில்லாத ஒன்றில் சேர்ந்துவிட்டால் அந்தக் கதவுகள் திறக்கா, பிறகு மாற நினைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். பிரான்சின் கிராண்ட் ஓரியன்ட் இதற்கு நல்ல உதாரணம். 1877-ல் அது இறைநம்பிக்கை நிபந்தனையை எடுத்துவிட்டது, அதன்பின் இங்கிலாந்து அதனோடு உறவை முறித்துக்கொண்டது. அது போலி அமைப்பு இல்லை. நீண்ட வரலாறும் நிறைய உறுப்பினர்களும் கொண்டது. நாத்திகருக்கும், சமூக அரசியல் விவாதங்களை லாட்ஜுக்குள்ளேயே விரும்புபவருக்கும் அதுவே பொருத்தமாகக்கூட இருக்கலாம். தெரிந்து தேர்ந்தெடுங்கள் என்பதே என் வற்புறுத்தல்.

சரிபார்க்கும் வழி எளிது. லாட்ஜின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அது எந்த கிராண்ட் லாட்ஜின் கீழ் வருகிறது என்று கேளுங்கள். அந்த கிராண்ட் லாட்ஜின் வலைத்தளத்தில் அந்தப் பெயரோ எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பிறகு, தான் அங்கீகரிக்கும் வெளிநாட்டு கிராண்ட் லாட்ஜ்களின் பட்டியலை இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் பொதுவில் வைத்திருக்கிறது, அதில் உங்களுடையது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ரெகுலர் தலைமைகள் இருப்பதும் உண்டு. இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961-ல் அமைந்தபோது, அதில் சேர விரும்பாமல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்துத் தலைமைகளின் கீழேயே நின்ற லாட்ஜ்கள் இருந்தன. அமெரிக்க மாநிலங்களில் கறுப்பின மேசன்களின் பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜ்கள் தனியாக இயங்குகின்றன. இவற்றின் வேர், லண்டனிலிருந்து 1784-ல் சாசனம் பெற்ற பாஸ்டன் லாட்ஜ். இவையும் அந்தந்த மாநிலத்தின் மற்ற கிராண்ட் லாட்ஜும் ஒன்றையொன்று ஏற்கத் தொடங்கியது 1989-ல் கனெக்டிகட்டில். ஆகவே ஒரே ஊரில் இரண்டு தலைமைகளின் லாட்ஜ்களைக் கண்டால் உடனே ஒன்று போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

போலிகள் வேறு விதமானவை, அவற்றைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். யாரையும் தெரியாமல் தேடுபவர்தான் அவர்களுக்கு இரை. வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ முன்பின் தெரியாதவர் வந்து “எங்கள் சகோதரத்துவத்தில் சேர், செல்வமும் புகழும் கிடைக்கும்” என்பார், இல்லூமினாட்டி என்ற பெயரையும் சேர்த்துக்கொள்வார், பதிவுக் கட்டணம் அனுப்பச் சொல்வார். எந்த ஒழுங்கான லாட்ஜும் இப்படி ஆள் பிடிக்காது. செல்வம் தருவதாகச் சொன்னாலே அது மேசனரி இல்லை, ஏனென்றால் ஆதாயத்துக்காக வரவில்லை என்று உறுதி கொடுத்துத்தான் உள்ளே போகிறோம். ஆன்லைனிலேயே சடங்கு முடித்துச் சான்றிதழ் தருகிறோம், நேரடியாக 33-ஆம் படி தருகிறோம் என்பதும் மோசடி. அடிப்படை மேசனரியில் படிகள் மூன்றுதான். 33-ஆம் படி என்பது ஸ்காட்டிஷ் ரைட் என்ற தனி அமைப்பில், மூன்றாம் படி முடித்தவர்களில் வெகுசிலருக்கு, பல ஆண்டுகள் கழித்துக் கிடைப்பது. ஒரு மனிதரை நேரில் பார்க்காமல், லாட்ஜ் கூடும் கட்டடத்தைக் கண்ணால் காணாமல் ஒரு காசு அனுப்பாதீர்கள். அடையாள அட்டை, வங்கி விவரம், முகப்படம் எதையும் அனுப்பாதீர்கள்.

சரி, தலைமை தெரிந்துவிட்டது. இனி அணுகுவது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கிராண்ட் லாட்ஜின் தளத்தில் உள்ள படிவம். இங்கிலாந்தில் அப்படி வரும் விசாரணை நீங்கள் இருக்கும் மாகாணத்துக்குப் போகும், அங்கே உறுப்பினர் சேர்க்கையைக் கவனிப்பவர் உங்களோடு பேசி, வயது, தொழில், ஓய்வு நேரம் இவற்றுக்கு ஏற்ற ஒரு லாட்ஜுக்குக் கைகாட்டுவார். மற்றது, பக்கத்து லாட்ஜின் செயலாளருக்கு நேரே எழுதுவது. யாரையும் தெரியாதவருக்கு முதல் வழியே நல்லது என்பது என் கருத்து. லாட்ஜ் செயலாளர்கள் சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் வேலை செய்பவர்கள், ஆண்டுக்கொரு முறை ஆளும் மாறலாம். தளத்தில் இருக்கும் முகவரி மூன்று செயலாளர்களுக்கு முந்தையதாக இருந்தால் உங்கள் கடிதம் யாருக்கும் எட்டாது, நீங்களோ புறக்கணித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கடிதத்தில் எதை எழுதுவது? பலர் இரண்டு வரியில் “சேர விரும்புகிறேன், என்ன செய்ய வேண்டும்” என்று அனுப்புகிறார்கள், வேறு சிலர் சின்னங்களின் மறைபொருளைப் பற்றி நான்கு பக்கம் எழுதுகிறார்கள். இரண்டும் பதில் எழுதுபவரைத் தயங்க வைக்கும். இப்படி இருந்தால் போதும்: “என் வயது 34. இந்த ஊரில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன், மின்பொறியாளராக வேலை. எனக்கு மேசன்கள் யாரையும் தெரியாது, முன்பு எந்த லாட்ஜிலும் விண்ணப்பித்ததில்லை. இறைநம்பிக்கை உண்டு. மேசனரியின் வரலாற்றையும் தொண்டுப் பணிகளையும் படித்த பிறகு சேர விரும்புகிறேன். வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு மேல் வர முடியும். உறுப்பினர் யாரையாவது நேரில் சந்தித்துப் பேச வாய்ப்புக் கிடைக்குமா?” வயது, இருப்பிடம், முன்விண்ணப்பம், நம்பிக்கை, நேரம் ஆகிய ஐந்தும் அதில் வந்துவிட்டன. கடைசி வாக்கியம்தான் முக்கியம். படிவம் கேட்காமல் சந்திப்பைக் கேட்டிருக்கிறீர்கள். செயலாளருக்கு அது உடனே செய்யக்கூடிய வேலை.

பதில் வராவிட்டால் மூன்று வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு தொலைபேசியில் கேளுங்கள். பல லாட்ஜ்களுக்குக் கோடை விடுமுறை உண்டு. இங்கிலாந்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரும்பாலும் கூட்டமே நடக்காது, அப்போது எழுதினால் செப்டம்பர் வரை அசைவு இருக்காமல் போகலாம். ஒரே நேரத்தில் ஐந்து லாட்ஜ்களுக்கு எழுதாதீர்கள். செயலாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஐந்து பேரும் உங்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கிய பிறகு விஷயம் தெரிந்தால் நன்றாக இருக்காது. ஒன்றில் பேசிப்பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம், அதில் யாருக்கும் வருத்தமில்லை.

இனி அந்த இரண்டு கையெழுத்துகள். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் “இவரை எனக்குத் தெரியும், நல்லவர்” என்று லாட்ஜின் முன் பொறுப்பேற்கிறார்கள். நீங்கள் பின்னால் லாட்ஜுக்குக் கெட்ட பெயர் கொண்டுவந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவர்களைத்தான். அதனால் முதல் சந்திப்பிலேயே “நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா” என்று கேட்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். இணையத்தில் பழக்கமான வேறு ஊர் மேசனிடம் கேட்பதும் பலன் தராது, பெரும்பாலான விதிகள் அதே லாட்ஜின் உறுப்பினர்களைத்தான் கேட்கின்றன. நடைமுறையில் நடப்பது இது: செயலாளரோ சேர்க்கைப் பொறுப்பாளரோ உங்களை ஒரு தேநீருக்குச் சந்திப்பார். அது நன்றாகப் போனால் இன்னும் இரண்டு மூன்று பேரை அறிமுகப்படுத்துவார். வெளியாட்களும் குடும்பத்தினரும் வரக்கூடிய விருந்துகள், தொண்டு நிகழ்ச்சிகள், கட்டடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்கள் இவற்றுக்கு அழைப்பார்கள். அமெரிக்க லாட்ஜ்கள் பலவற்றில் கூட்டத்துக்கு முந்தைய இரவு உணவுக்கே வெளியாள் வந்து உட்காரலாம். கூட்டம் தொடங்கும்போது விடைபெற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மூன்று நான்கு முறை இப்படிப் போய்வந்த பிறகு, யாராவது ஒருவர் தானாகவே “உங்களை நான் முன்மொழிகிறேன்” என்பார். சொல்லாவிட்டால், நான்கைந்து மாதம் கழித்து “நான் விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறீர்களா?” என்று கேளுங்கள். மறுப்பவருக்கும் மரியாதையாக மறுக்க வழிவிடும் கேள்வி அது.

இந்த மாதங்களில் அவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள், நீங்களும் அவர்களைப் பாருங்கள். ஒரே கிராண்ட் லாட்ஜின் கீழ் இருந்தாலும் லாட்ஜுக்கு லாட்ஜ் குணம் வேறு. ஒன்றில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம், இன்னொன்றில் பல்கலைக்கழக மாணவர்கள். ஒன்று சடங்கை ஓர் எழுத்துப் பிசகாமல் நடத்துவதில் பெருமைகொள்ளும், வேறொன்றுக்கு விருந்துதான் உயிர். வீட்டிலிருந்து போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடமானால் முதலாண்டு உற்சாகம் வடிந்தபின் போக மாட்டீர்கள், அதை இப்போதே கணக்கில் எடுங்கள். ஆண்டுக்கு எத்தனை கூட்டம் என்று கேளுங்கள். இங்கிலாந்து லாட்ஜ்களில் ஆண்டுக்கு நான்கைந்து கூட்டமே இருப்பது சகஜம், அமெரிக்காவில் மாதம் ஒன்றோ இரண்டோ. கூட்டங்களைத் தவிர ஒத்திகை இரவுகளும் உண்டு, சடங்கை மனப்பாடமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் அவை வாரந்தோறும்கூட நடக்கும். உங்களுக்கு முன் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு நான்கு கூட்டம் உள்ள லாட்ஜில் ஐந்து பேர் வரிசையில் நின்றால் உங்கள் முறைக்கு ஓராண்டுக்கு மேல் ஆகலாம்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேட்பவரைத்தான் பொறுப்பானவர் என்று நினைப்பார்கள். “சந்தா எவ்வளவு?” என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும், ஏனென்றால் செலவு ஐந்து இடங்களில் ஒளிந்திருக்கிறது: ஒரேமுறை கட்டும் சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் நடக்கும் விருந்து, தொண்டு நிதி, சடங்கில் இடுப்பில் கட்டும் ஏப்ரனும் உடையும். சில லாட்ஜ்களில் விருந்துச் செலவு சந்தாவுக்குள்ளேயே அடக்கம், சிலவற்றில் தனி, அதனால் சந்தா குறைவாக இருக்கும் லாட்ஜே மொத்தத்தில் அதிகம் பிடிக்கலாம். “முதலாண்டில் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும், இரண்டாம் ஆண்டிலிருந்து எவ்வளவு?” என்று கேளுங்கள். தொண்டு நிதி என்பது இயன்றதைக் கொடுப்பது, வீட்டுத் தேவையை வெட்டிக் கொடுக்கச் சொல்லும் லாட்ஜ் எதுவும் சரியில்லை. எப்போது கட்டுவது என்பதில் வழக்கம் மாறுகிறது: சில இடங்களில் வாக்கெடுப்பு முடிந்த பிறகு, அமெரிக்காவில் பல இடங்களில் விண்ணப்பத்தோடு ஒரு பகுதி. எப்படியானாலும் லாட்ஜின் பெயரில் ரசீது வேண்டும், நிராகரித்தால் பணம் திரும்புமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போன பிறகு நேர்காணல். லாட்ஜ் அமைத்த சிறு குழு உங்களைச் சந்திக்கும், அமெரிக்காவில் பெரும்பாலும் மூவர், சில சமயம் வீட்டுக்கே வருவார்கள். ஏன் சேர விரும்புகிறீர்கள், எங்களைப் பற்றி எப்படித் தெரியும், இறைவனை நம்புகிறீர்களா, வீட்டில் என்ன சொல்கிறார்கள், நேரமும் பணமும் ஒத்துவருமா, தண்டனை ஏதாவது உண்டா: கேள்விகள் அநேகமாக இவ்வளவுதான். முதல் கேள்விக்கு மெருகேற்றிய பதில் தேவையில்லை. நட்பு வேண்டும், வாழ்க்கையில் ஓர் ஒழுங்கு வேண்டும், வரலாற்றில் ஆர்வம் என்று எதுவாக இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். தொழிலுக்குத் தொடர்புகள் கிடைக்கும் என்று சொன்னால் அங்கேயே முடிந்துவிடும், அது உண்மையான காரணமாக இருந்தால் முடிவது உங்களுக்கும் நல்லதே. பரம்பொருளைப் பற்றிய கேள்விக்கு “ஆம்” போதும், எந்தக் கோயில், எந்த வேதம் என்று துருவ மாட்டார்கள்.

பிறகு வாக்கெடுப்பு, உங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பது. மரப்பெட்டி ஒன்று லாட்ஜ் அறையைச் சுற்றிவரும். ஒவ்வொருவரும் கையில் ஒரு சிறு பந்தோடு பெட்டியின் வாய்க்குள் கைவிட்டு, உள்ளே ‘வேண்டும்’ பக்கமோ ‘வேண்டாம்’ பக்கமோ போடுவார். கை எந்தப் பக்கம் திரும்பியது என்று அடுத்தவருக்குத் தெரியாது. வேறு இடங்களில் வெள்ளைப் பந்தும் கறுப்புப் பந்தும் இருக்கும், அல்லது கை தொட்டவுடன் வித்தியாசம் தெரியட்டும் என்று கறுப்புக்குப் பதில் கனசதுரக் கட்டை. இங்கிலாந்து விதிப்படி மூன்று எதிர்வாக்கு விழுந்தால் சேர்க்க முடியாது, லாட்ஜ் தன் துணைவிதியில் இதைக் குறைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒன்றே போதும். இது பயமுறுத்துவதுபோலத் தோன்றும். ஆனால் ஆட்சேபம் இருந்தால் அது பெரும்பாலும் நேர்காணல் கட்டத்திலேயே காதும் காதும் வைத்ததுபோல் வெளிவந்துவிடும், பெட்டி வரை போகாது. யாருக்கும் உங்களைத் தெரியாமலே பெட்டி சுற்றும்போதுதான் ஆபத்து. தெரியாத பெயருக்கு ஒருவர் “வேண்டாம்” போடுவது எளிது. சேர்வதற்கு முன் சில மாதம் போய்வரச் சொன்னதன் இன்னொரு காரணம் இது.

நிராகரித்துவிட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள், வாக்கு ரகசியம் என்பதால் சொல்லவும் முடியாது. எத்தனை மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பது கிராண்ட் லாட்ஜைப் பொறுத்தது. அடுத்த படிவத்தில் “முன்பு விண்ணப்பித்திருக்கிறீர்களா?” என்ற கேள்வி வரும்போது மறைக்காதீர்கள். வேறு லாட்ஜில், உங்களை நன்றாக அறிந்தவர்களோடு, இரண்டாம் முறை விண்ணப்பித்து ஏற்கப்படுவதற்குத் தடை எதுவும் இல்லை.

சேர்க்கைச் சடங்கைப் பற்றி அளவோடு சொல்கிறேன். முழுச் சடங்கும் இணையத்தில் கிடைக்கும், படிக்காதீர்கள். அதன் வலிமை, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பதில் இருக்கிறது. ஒருமுறை படித்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவே: அடர்நிற கோட்டு சூட்டில் போங்கள். மோதிரம், கடிகாரம், காசு எல்லாவற்றையும் சற்று நேரம் கழற்றிக் கொடுக்கச் சொல்வார்கள், கழற்ற முடியாத மோதிரம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சிறிது நேரம் கண்கள் கட்டப்பட்டிருக்கும், அருகில் ஒருவர் கையைப் பிடித்தபடியே இருப்பார். வதந்திகளில் வருவதுபோல மிருகம், அடி உதை எதுவும் கிடையாது. பழைய உறுதிமொழிகளில் இருந்த கொடூரமான தண்டனை வாசகங்களை இங்கிலாந்தில் 1986-ல் உறுதிமொழியிலிருந்து நீக்கிவிட்டார்கள், வேறு சில இடங்களில் அவை குறியீடாக இன்னும் இருக்கின்றன. உறுதிமொழி உங்கள் மதக் கடமைக்கோ நாட்டுச் சட்டத்துக்கோ எதிரானதல்ல என்பதை எடுப்பதற்கு முன்பே சொல்வார்கள். முட்டிவலி, இதய நோய், நெருக்கடியான இடத்தில் பதற்றம் போன்றவை இருந்தால் செயலாளரிடம் தெரிவியுங்கள், சடங்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள்.

அன்றே முழு மேசன் ஆகிவிட மாட்டீர்கள். முதல் படிக்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது. இங்கிலாந்தில் இரண்டு படிகளுக்கிடையே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும், நடைமுறையில் மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு படிக்கு முன்னும் சில கேள்வி பதில்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், அமெரிக்காவில் சில மாநிலங்களில் அது நீளமானது. உதவ ஒருவரை நியமிப்பார்கள். முதல் மின்னஞ்சலிலிருந்து முதல் படி வரை ஆறு மாதம் முதல் ஓராண்டு, மூன்றாம் படிக்கு மேலும் அதே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டே ஊர் மாறப் போகிறீர்கள் என்றால் இப்போது விண்ணப்பிக்காமல், போய்ச் சேரும் ஊரின் கிராண்ட் லாட்ஜுக்கு எழுதுங்கள். சில கிராண்ட் லாட்ஜ்கள் குறிப்பிட்ட காலம் அங்கே வசித்திருக்க வேண்டும் என்கின்றன, ஆகவே வசிப்புக்கால விதியையும் அந்த முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.